பட்டாளத்திலிருந்து படப்பிடிப்புக்கு

இந்த அத்தியாயம் இரண்டு வகை வாசகருக்கானது. ஒருவர் பணி முடித்து, நாற்பதைத் தொட்டோ தாண்டியோ பென்ஷனோடு ஊர் திரும்பும் நாயக், ஹவில்தார் அல்லது சுபேதார். இன்னொருவர் அக்னிவீரராகச் சேர்ந்து 4 ஆண்டில் வெளியே வரும் இளைஞர். இருவருக்கும் கேமரா மேல் ஆசை இருக்கிறது. யூனிட்டில் பரா கானா, விளையாட்டுப் போட்டி, சி.ஓ. வழியனுப்பு விழா என்றால் இவர்களைத்தான் படம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த ஆசையைத் தொழிலாக்குவதற்கான வரிசை இங்கே இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்துக்காரர் இந்தத் தொழிலில் தோற்றால், பெரும்பாலும் படம் எடுக்கத் தெரியாததால் தோற்பதில்லை. கையில் மொத்தமாக வந்த பணத்தைக் கருவியில் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் தேடி வருவார் என்று உட்கார்ந்திருப்பதால்தான் தோற்கிறார். கற்பது முதலில், ஆட்கள் அடுத்து, கருவி கடைசியில். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. கேமரா வாங்கும் பகுதிக்கு நேராகத் தாவ வேண்டாம்.

படி 1: டிஸ்சார்ஜுக்கு 2 ஆண்டு இருக்கும்போதே தொடங்குங்கள்

1. லீவில் ஊருக்கு வரும்போது, தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் பேசி, ஒரு கல்யாணத்துக்கு உதவியாளாகப் போங்கள். சம்பளம் வாங்காதீர்கள். பணியில் இருப்பவர் அனுமதியில்லாமல் வேறு வேலையோ தொழிலோ செய்யக் கூடாது. லைட் பிடிப்பதும் பை தூக்குவதும் கற்றுக்கொள்ளத்தான்.

2. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள மறுவாழ்வு இயக்குநரகம், அதாவது யூனிட்டில் எல்லோரும் டி.ஜி.ஆர். என்று சொல்வது, பணி முடிகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. ஜே.சி.ஓ.க்களுக்கும் மற்ற ரேங்குகளுக்கும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அந்த ஆண்டின் பட்டியலை யூனிட் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். புகைப்படமோ மல்டிமீடியாவோ இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் சிறுதொழில் நிர்வாகம் எடுங்கள். செக்யூரிட்டி வகுப்பில் இடம் இருக்கிறது என்று யாராவது இழுத்தால் போய்விடாதீர்கள். கேமராவை யூடியூப் பார்த்துக்கூடக் கற்றுக்கொள்ளலாம். கணக்கு எழுதவும் விலை சொல்லவும் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது.

3. பணியில் இருக்கும்போதே இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2020-ல் ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை வீரர்கள் தங்கள் போனிலிருந்து நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அவ்வப்போது வரும் உத்தரவு எதுவோ அதன்படி நடங்கள். படங்களை ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வையுங்கள். வெளியிடுவதெல்லாம் டிஸ்சார்ஜ் புத்தகம் கைக்கு வந்த பிறகு.

4. அந்த ஹார்டு டிஸ்க்கில் எது இருக்கலாம்? ஊர்த் திருவிழா, அப்பாவின் முகம், மழைக்குப் பிந்தைய கண்மாய், அக்கா மகளின் காதுகுத்து. எது இருக்கக் கூடாது? போஸ்ட், ஆயுதம், வண்டி, யூனிட் வாயில், சக வீரர் சீருடையில் நிற்கும் படம். பணியின் பகுதியாக எடுத்த படம் அரசுடையது, உங்களுடையதல்ல. 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் பென்ஷன் வாங்கியவரையும் விடாது. பனிமலை உச்சியில் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் விளம்பரப் பக்கத்துக்கு வேண்டாம்.

குறிப்பு: போன் கேமராவில் இருப்பிடம் பதிவாகும் வசதியை இன்றே அணைத்து வையுங்கள். பழைய படங்களில் அந்தத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: வந்த பணத்தைப் பிரியுங்கள்

கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், பி.எப்., குரூப் இன்சூரன்ஸ் என்று எல்லாம் ஒரே மாதத்தில் வங்கிக் கணக்கில் விழும். வாழ்நாளில் அவ்வளவு பெரிய தொகையை ஒன்றாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை, அநேகமாகக் கடைசித் தடவையும். மச்சான் நிலம் காட்டுவார். கேமராக் கடைக்காரர் புது மாடல் காட்டுவார்.

கம்யூட்டேஷன் தொகை இலவசமில்லை. அதற்கு ஈடாக மாதப் பென்ஷனில் ஒரு பகுதி பிடிக்கப்படும், 15 ஆண்டு கழித்துத்தான் திரும்பச் சேரும். 40 வயதில் வாங்கிய தொகைக்கு 55 வரை கட்டிக்கொண்டிருக்கப் போகிறீர்கள். அதை 5 ஆண்டில் பழசாகிவிடும் கேமராவில் மொத்தமாகப் போடுவது சரியா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

என் யோசனை இது. கடன் இருந்தால் முதலில் அடையுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் 1 ஆண்டுக் குடும்பச் செலவுக்கும் தொடாத பணமாக வங்கியில் போடுங்கள். மீதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதல் ஆண்டில் தொழிலில் இறக்காதீர்கள்.

அக்னிவீரருக்குக் கணக்கு வேறு. பென்ஷன் கிடையாது. திட்டத்தை அறிவித்தபோது சொன்ன சேவா நிதி, வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய். வயது இருபதுகளில், வீட்டுப் பொறுப்பு குறைவு என்பது சாதகம். மாதா மாதம் எதுவும் வராது என்பது பாதகம். எனவே அவர் முதல் 2 ஆண்டு யாரிடமாவது சம்பளத்துக்கு வேலை பார்ப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

படி 3: ஒருவரிடம் கைவேலை பாருங்கள்

இந்த அத்தியாயத்தில் கடினமான படி இதுதான். குறைந்தது 6 மாதம், முடிந்தால் தை முதல் ஆவணி வரை, வேலை உள்ள ஒரு போட்டோகிராபரிடம் உதவியாளாக இருங்கள். அவருக்கு 26 வயது இருக்கலாம். நீங்கள் 30 பேரை ஃபாலின் பண்ணி நிறுத்திய சுபேதாராக இருந்திருப்பீர்கள். அவர் "அண்ணே, அந்த லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்பார். தள்ளி வைக்க வேண்டும்.

முதல் மாதத்தில் இரண்டு பழக்கங்கள் குறுக்கே வரும். ஒன்று, உத்தரவுக்குக் காத்திருப்பது. கல்யாண மேடையில் யாரும் "இப்போது எடு" என்று சொல்ல மாட்டார்கள். பாட்டி கண்ணைத் துடைத்தது ஒரு நொடிதான், அதை யாரும் திரும்பச் செய்து காட்டப் போவதில்லை. இன்னொன்று இதற்கு நேர் எதிர்: உத்தரவு போடுவது. "எல்லாரும் வரிசையா நில்லுங்க, அசையக் கூடாது" என்று பரேட் கிரவுண்ட் குரலில் சொன்னால் அத்தனை பேரும் நிற்பார்கள். படத்தில் அத்தனை முகமும் இறுகியிருக்கும். "அக்கா, தம்பி தோள்ல கை போடுங்க", "மாமா, நீங்க நடுவுல வந்தாத்தான் படம் நிறையும்" என்று பேசக் கற்றுக்கொள்ளுங்கள். குரலைத் தாழ்த்திப் பேசினால் ஆட்கள் கிட்டே வருவார்கள். படமும் நெருக்கமாக அமையும்.

இந்த 6 மாதத்தில் கற்க வேண்டியவை:

1. ஒளி எங்கிருந்து வருகிறது என்று, மண்டபத்துக்குள் காலடி வைத்தவுடன் பார்ப்பது.
2. ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் கண் பார்க்காமல் விரலால் மாற்றுவது. ரைபிளைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சேர்த்தவருக்கு இது வரும். தினமும் அரை மணி நேரம் இருட்டறையில் பழகுங்கள்.
3. ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்காமல், மேற்கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பவைப்பது.
4. 2,000 படத்திலிருந்து 300-ஐப் பொறுக்குவது. எடுப்பதைவிட இது கடினம்.
5. வாடிக்கையாளரிடம் பணம் கேட்பது. உங்கள் குரு இதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் தொழில் என்று எண்ணுபவருக்கு ஒரு செய்தி. போர்ப் புகைப்படத்தில் பெரும் பெயர் பெற்ற பிரிட்டனின் டான் மெக்கல்லின், 1950-களில் கட்டாய ராணுவச் சேவையில் விமானப் படையின் புகைப்படப் பிரிவில் இருந்தவர். புகைப்படக்காரர் ஆவதற்கான எழுத்துத் தேர்வில் அவர் தேறவில்லை. அந்தச் சேவைக் காலத்தில் சொந்தக் காசில் ஒரு ரோலிகார்ட் கேமரா வாங்கினார். பிழைப்பைக் கொடுத்தது அந்தக் கேமராதான். 1968-ல் சைகோன் தெருவில் எடுத்த படத்துக்காக அடுத்த ஆண்டு புலிட்சர் வாங்கிய எடி ஆடம்ஸும் கொரியப் போரில் அமெரிக்க மரைன் படையின் புகைப்படக்காரராக இருந்தவர். இவர்களைப் பார்த்து நாமும் போர்முனைக்குப் போகலாம் என்று கிளம்ப வேண்டாம். அந்த வேலைக்கு இங்கே சந்தை இல்லை. ஆரணியில், ராஜபாளையத்தில் இருக்கும் சந்தை கல்யாணம்.

படி 4: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

கல்யாணம், சடங்கு, காதுகுத்து: பணப் புழக்கம் அதிகம், போட்டியும் அதிகம். பள்ளி, கல்லூரி ஆண்டு விழா, குரூப் போட்டோ: பட்டாளத்துக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. 600 மாணவரை ஒரு காலையில் வகுப்புவாரியாக நிறுத்தி எடுத்து முடிக்க உங்களைப் போல் யாராலும் முடியாது. பள்ளி முதல்வர்களுக்கு முன்னாள் படைவீரர் மேல் நம்பிக்கையும் உண்டு. தொழிற்சாலை, ஜவுளி, உணவகப் பொருள் படங்கள்: திருப்பூர், கரூர், சிவகாசி, ஹோசூர் பக்கம் இருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். வாரநாளில் வேலை, பகலில் முடிந்துவிடும்.

காட்டுயிர்ப் படம் மேல் பலருக்கு ஆசை. அதை ஆசையாகவே வைத்துக்கொள்ளுங்கள். செலவு மட்டும் உறுதி.

படி 5: இப்போது கருவி

1. இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள ஃபுல் ஃபிரேம் பாடி, பழையதாக இருந்தாலும் போதும். ஒரு கார்டு செத்தால் இன்னொன்றில் படம் இருக்கும். தாலியை இரண்டாம் தடவை கட்டச் சொல்ல முடியாது.
2. 24-70 எஃப்2.8 லென்ஸ் ஒன்று, 85 எஃப்1.8 ஒன்று.
3. ஃபிளாஷ் இரண்டு, டிரிக்கர், ஸ்டாண்டு.
4. பேட்டரி 4, கார்டு 6, கார்டு ரீடர் 2.
5. 70-200 லென்ஸும் இரண்டாவது பாடியும் வாடகைக்கு. சென்னை, கோவை, மதுரையில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஒரே பொருளை மாதம் நான்கைந்து தடவை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் அப்போது வாங்குங்கள்.

பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பில் கேளுங்கள், பாடியில் உள்ள சீரியல் எண் அதில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

கடனை முதல் ஆண்டு தவிருங்கள். இரண்டாம் ஆண்டில் ஸ்டூடியோ போட வேண்டுமென்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்கள் எடுத்துக்கொள்ளப்படும். அதில் முன்னாள் படைவீரர் சொந்தப் பணமாக 5 சதவீதம் போட்டால் போதும், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., அடையாள அட்டை மூன்றையும் நகலெடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் கடன் வாங்குவது, தள்ளுபடி என்று தேவையில்லாத சட்டை வாங்குவது மாதிரிதான்.

படி 6: முதல் கல்யாணம், நேர வரிசைப்படி

இங்கே உங்கள் பழைய பயிற்சி முழுசாகக் கைகொடுக்கும். நிதானமாகப் படியுங்கள்.

*ஒரு வாரம் முன்பு*

1. மண்டபத்துக்கு ரெக்கி போங்கள். முகூர்த்தம் நடக்கும் அதே நேரத்தில் போவது நல்லது. வெளிச்சம் எந்த ஜன்னலில் வருகிறது, மேற்கூரை வெள்ளையா மரப்பலகையா, பிளக் பாயின்ட் எங்கே, ஜெனரேட்டர் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. கோவிலில் கல்யாணம் என்றால் அலுவலகத்தில் நேரில் கேட்டு, படம் எடுக்க எங்கே அனுமதி, எங்கே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். தமிழகக் கோவில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமராவுக்குக் கோவிலுக்குக் கோவில் விதி மாறும். தஞ்சைப் பெரிய கோவில் போலத் தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும்.
3. இரண்டு வீட்டிலும் யார் யார் முக்கியம் என்று பெயர்ப் பட்டியல் வாங்குங்கள். தாய்மாமன் படம் விட்டுப் போனால் ஆல்பம் கொடுக்கும் நாளில் சண்டைதான். இரண்டு வீட்டிலும் ஆட்களை அடையாளம் காட்ட ஒரு பொறுப்பான சித்தப்பாவையோ அத்தையையோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*முந்தின நாள் இரவு*

4. கிட் முழுவதையும் கட்டிலில் விரித்துப் பட்டியலோடு சரிபாருங்கள். இதைச் செய்யச் சொல்லி உங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.
5. எல்லாக் கேமராவிலும் தேதி, நேரத்தை நொடி பிசகாமல் ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் இரண்டு கேமராப் படங்களும் கணினியில் கலைந்துபோகும், வரிசைப்படுத்தவே ஒரு நாள் போய்விடும்.
6. கார்டுகளைக் காலி செய்யும் முன், பழைய படம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள்.

*முகூர்த்தத்தில்*

7. ஒரு மணி நேரம் முன்னதாக மேடையில் இருங்கள். ஐயரிடம் போய்க் கும்பிட்டு, "சாமி, தாலி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னைப் பாருங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.
8. கெட்டிமேளம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து அட்சதை போடுவார்கள், பத்து செல்போன்கள் மேடையை மறைக்கும். எனவே எதிரே கீழே நிற்காமல், மேடை மேல் பெண்ணின் பக்கமாகச் சற்று முன்னால் இடம் பிடியுங்கள். சின்ன ஸ்டூல் ஒன்று கையோடு இருக்கட்டும்.
9. தொடக்க அமைப்பாக ஷட்டர் 1/200, எஃப்4, ஐ.எஸ்.ஓ. 1600, ஃபிளாஷ் கூரைக்கு. அங்கிருந்து மண்டபத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது எல்.இ.டி. விளக்கால் படத்தில் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்குங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த இரண்டும் ஒத்துவரும்.
10. உதவியாளின் கேமரா அந்த நிமிடத்தில் தாலியைப் பார்க்க வேண்டாம். பெண்ணின் அம்மா, அப்பா முகத்தைப் பார்க்கட்டும்.
11. நாத்தனார் முடிச்சு, மெட்டி, அம்மி, அருந்ததி என்று வரிசை சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். சீர்திருத்தக் கல்யாணத்தில் மாலை மாற்றியதும் முடிந்துவிடும். அங்கே அரை மணி நேரம் தாமதமாகப் போனால் மிஞ்சுவது சாப்பாட்டுப் பந்திதான்.

*வீடு திரும்பியதும்*

12. தூங்கும் முன் மூன்று பிரதி: கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் டிஸ்க்கில் அல்லது இணையச் சேமிப்பில் ஒன்று. ஆல்பம் கொடுக்கும் வரை கார்டை அழிக்காதீர்கள்.

படி 7: விலை

"சாருக்குத்தான் பென்ஷன் வருதே, கொஞ்சம் குறைச்சுக்கங்க." இந்த வாக்கியத்தை முதல் ஆண்டில் எல்லோரும் சொல்வார்கள். பென்ஷன் உங்கள் பழைய வேலைக்கான கூலி. அதை வைத்து அடுத்தவர் கல்யாணத்துக்கு மானியம் கொடுக்கத் தொடங்கினால் உங்களுக்கும் மிஞ்சாது, அதே தெருவில் பென்ஷன் இல்லாமல் ஸ்டூடியோ நடத்துபவரின் பிழைப்பும் கெடும்.

மாதிரிக் கணக்கு ஒன்று. எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

- கருவி 3,50,000 ரூபாய், 5 ஆண்டு உழைக்கும்: ஆண்டுக்கு 70,000
- பழுது, இன்சூரன்ஸ்: 30,000
- கணினி, மென்பொருள்: 40,000
- வண்டி, போன், விளம்பரம்: 60,000

மொத்தம் 2,00,000. ஆண்டுக்கு 25 விசேஷம் என்றால், ஒவ்வொன்றின் தலையிலும் 8,000. இதற்கு மேல் இரண்டு நாள் கல்யாணம் ஒன்றுக்கு உதவியாள் 4,000, ஆல்பம் 12,000. உங்கள் உழைப்பு, எடுக்க 2 நாள், திருத்த 5 நாள், நாளுக்கு 1,500 வீதம் 10,500. ஆக 34,500. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 38,000 பக்கம் வரும். இதற்குக் கீழே போனால் கையிலிருந்து போடுகிறீர்கள்.

பழைய யூனிட் நண்பர்களின் வீட்டு விசேஷம் வரும். அங்கே பாதி விலை சொல்லாதீர்கள். அன்பளிப்பாகவே செய்யுங்கள், அல்லது முழு விலை வாங்குங்கள். பாதி விலை ஊருக்குள் உங்கள் முழு விலையாகிவிடும்.

படி 8: காகித வேலை

1. உத்யம் பதிவு செய்யுங்கள். ஆதார் இருந்தால் அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் போலி.
2. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், புகைப்படச் சேவைக்கு 18 சதவீதம்.
3. ஒரு பக்க ஒப்பந்தம் தமிழில் தயார் செய்யுங்கள். தேதி, இடம், எத்தனை மணி நேரம், எத்தனை படம், ஆல்பம் எத்தனை பக்கம், எப்போது கிடைக்கும், பணம் எப்போது தர வேண்டும். முன்பதிவில் பாதி, விசேஷ நாள் காலையில் நாற்பது சதவீதம், ஆல்பத்தோடு பத்து. மீதியை ஆல்பத்துக்குப் பிறகு என்று விட்டால் வசூலிக்கப் போய் உறவு கெடும்.
4. பதிப்புரிமை வரி ஒன்று கட்டாயம் சேருங்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. உங்கள் பக்கத்தில் போட, கண்காட்சியில் வைக்க எழுத்தில் சம்மதம் வேண்டும். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள்.

பாதுகாப்பு: தவறினால் தொழிலே போய்விடும் இடங்கள்

*டிரோன்.* 2021 டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா, மஞ்சளா, சிவப்பா என்று அன்றன்று பாருங்கள். பச்சையில் உயரம் 120 மீட்டர் வரை. அரக்கோணம், சூலூர், தஞ்சாவூர், தாம்பரம், உச்சிப்புளி, கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் கல்யாணம் என்றால் வரைபடம் பார்க்காமல் வாக்குக் கொடுக்கவே வேண்டாம். "எக்ஸ் சர்வீஸ்மேன்" என்ற அட்டை அங்கே உதவாது. விதி தெரிந்தும் மீறினார் என்றுதான் எழுதுவார்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் எங்கேயும் பறக்கவிடாதீர்கள்.

*மின்சாரமும் தீயும்.* லைட் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வையுங்கள். ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள், பட்டுப்புடவை தடுக்கி ஸ்டாண்டு சாயும். ஹோமகுண்டத்துக்கு அருகே நைலான் உடுப்பும் தொங்கும் கேமராப் பட்டையும் ஆபத்து.

*பேட்டரி.* விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள்.

*ஈரம்.* ஏ.சி. காரிலிருந்து கேமராவை நேராக வெயிலுக்கு எடுத்தால் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் அல்லது டிரை கேபினெட்டில் வையுங்கள்.

*உடம்பு.* இரண்டு கேமராவை ஒரே தோளில் 12 மணி நேரம் தொங்கவிட்டால், பித்து எனும் ராணுவ முதுகுப்பை சுமந்து தேய்ந்த முதுகு பதில் சொல்லும். இரு தோள் பட்டை வாங்குங்கள். உட்கார்ந்து எடிட் செய்யும்போது மணிக்கொருமுறை எழுந்து நடங்கள்.

*வெடிச் சத்தம்.* இதைப் பலர் வெளியே பேசுவதில்லை. நடவடிக்கைப் பகுதியில் இருந்தவருக்கு மாப்பிள்ளை அழைப்பில் திடீரென்று வெடிக்கும் சரவெடி உடம்பை உலுக்கிவிடலாம். எந்த நேரத்தில், எந்த இடத்தில் வெடி என்று முன்பே கேட்டு வையுங்கள், அந்தப் பத்து நிமிடத்தை உதவியாளிடம் கொடுங்கள். தூக்கம் கெட்டால், கை நடுங்கினால் ஈ.சி.எச்.எஸ். மருத்துவரிடம் சொல்லுங்கள். அங்கே இது புதிய செய்தி அல்ல.

ஆடியிலும் மார்கழியிலும் செய்ய வேண்டியவை

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் அநேகமாக இல்லை. பென்ஷன் இல்லாத ஸ்டூடியோக்காரர் இந்த மாதங்களில் கைமாற்று வாங்குவார். நீங்கள் அவர் இடத்தில் இல்லை, எனவே இந்த நாட்களை வீணாக்காதீர்கள்.

1. கேமரா, லென்ஸ் சர்வீஸ். தைக்கு முன் கொடுத்தால்தான் முகூர்த்தத்துக்குக் கையில் இருக்கும்.
2. பாக்கி ஆல்பம் எல்லாவற்றையும் முடித்துக் கொடுப்பது.
3. பள்ளிகளுக்கு நேரில் போய் ஆண்டு விழா, குரூப் போட்டோ வேலை கேட்பது. கேமஃபிளாஜ் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். நல்ல வெள்ளைச் சட்டை, 20 படம் கொண்ட அச்சு ஆல்பம் போதும்.
4. ஆடித் திருவிழாவில் உங்கள் ஊர் அம்மன் கோவிலில் தீமிதியை உங்களுக்காகவே எடுப்பது. பூக்குழியிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நிற்காதீர்கள், புகையும் கங்கும் லென்ஸுக்கு வரும்.
5. ஸ்பர்ஷ் பென்ஷன் கணக்கில் ஆயுள் சான்று எந்த மாதம் கேட்கிறது என்று பார்த்துக் காலண்டரில் குறிப்பது. முகூர்த்த அவசரத்தில் அது மறந்துபோய்ப் பென்ஷன் நின்றவர்கள் உண்டு.